எட்டு வாரத் தியானப் பயிற்சி: எம்பிஎஸ்ஆரில் சேரலாமா?

பதட்டமோ நாள்பட்ட வலியோ இருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரத்தை எட்டு வாரத்துக்கு ஒதுக்கவும் முடியும் என்றால் எம்பிஎஸ்ஆர் பயிற்சிக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது. மூளையே மாறிவிடும் என்ற விளம்பரத்தை நம்பியோ, ஆன்மிக அனுபவம் தேடியோ சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பதுதான் மைண்ட்ஃபுல்னெஸ்; அதன் வழியே மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி எம்பிஎஸ்ஆர். மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதைத் தொடங்கினார். வழக்கமான சிகிச்சையால் முழு நிவாரணம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர்களை மருத்துவர்கள் அவரிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் கொடுத்த சரக்கு பழையதுதான்: பௌத்த விபஸ்ஸனாவிலும் ஜென்னிலும் இருந்த மூச்சுக் கவனிப்பு, உடல் கவனிப்பு, கூடவே கொஞ்சம் ஹட யோகம். மந்திரம், தெய்வம், குரு வணக்கம், மறுபிறவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். காலக்கெடு, வீட்டுப்பாடம், பதிவேடு என்று ஒரு வகுப்பறையின் சட்டகத்தைக் கொடுத்தார். அதனால்தான் இதை ஆய்வு செய்வது எளிதாயிற்று. எங்கே நடந்தாலும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டம் என்பதால் ஓரிடத்து முடிவை இன்னோரிடத்து முடிவோடு ஒப்பிட முடிகிறது.

பணத்துக்கு என்ன கிடைக்கிறது

வாரம் ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மணி நேரம், எட்டு வாரம். ஆறாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் மௌனப் பயிற்சி. வீட்டில் செய்ய ஒலிப்பதிவுகள், ஒரு பயிற்சி ஏடு. வீட்டுப்பாடம் நாளுக்கு 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். கூட்டிப் பார்த்தால் வகுப்பில் 20 மணி நேரம், மௌன நாளில் ஏழு மணி நேரம், வீட்டில் 36 மணி நேரம் வருகிறது. கட்டணம் வகுப்புக்காக வாங்கப்படுகிறது; வேலையில் பாதிக்கு மேல் வீட்டில்தான் நடக்கிறது. சேருபவர்கள் பலர் இந்தக் கணக்கைக் கட்டணம் கட்டிய பிறகுதான் போட்டுப் பார்க்கிறார்கள்.

முதல் வகுப்பு ஓர் உலர்திராட்சையில் தொடங்கும். அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பது, சுருக்கங்களைக் கவனிப்பது, காதருகே நசுக்கி ஒலி கேட்பது, முகர்வது, நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருப்பது, பிறகு மெல்ல மெல்லுவது. ஐந்து பத்து நிமிடம் போகும். பலருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் பயிற்சி முழுக்கச் செய்யப்போவதன் மாதிரி இதுதான்: புலனுக்கு எட்டுவது ஒன்று, அதைப் பற்றி மனம் சொல்லும் கதை வேறொன்று என்று பிரித்துப் பார்ப்பது. நாக்கில் வைத்த உடனே எச்சில் ஊறுவதையும் விழுங்கிவிடத் தோன்றும் உந்துதலையும் கவனித்தவர்களுக்கு, கோபம் கிளம்பும்போது உடலில் எழும் உந்துதலைப் பின்னால் பிடிக்க எளிதாக இருக்கும்.

அடுத்து பாடி ஸ்கேன். மல்லாந்து படுத்து, இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஏறி, பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, முதுகு, மார்பு, கைகள், தோள், கழுத்து, முகம், உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்துவது. 40 முதல் 45 நிமிடம். முதல் இரண்டு வாரமும் வீட்டில் இதையேதான் செய்யச் சொல்வார்கள். இது தளர்வுப் பயிற்சி அல்ல. தசையை இளக்கச் சொல்வதில்லை. இறுகியிருந்தால் இறுக்கத்தை அறியச் சொல்வார்கள். எதுவுமே உணரவில்லை என்றால் ‘எதுவும் தெரியவில்லை’ என்பதையும் அப்படியே குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். வலியுள்ளவர்களுக்கு இந்தப் பகுதிதான் கடினம், பலனும் இதில்தான். முதுகில் வலி என்ற ஒற்றைச் சொல்லை உடைத்தால் குத்தல், சூடு, துடிப்பு, அதைச் சுற்றித் தசை பிடித்துக்கொள்வது, ‘இது தீராது’ என்ற எண்ணம் என்று ஐந்தாறாகப் பிரிகிறது. அவற்றில் சில நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதும் தெரிய வரும்.

மூன்றாம் வாரம் படுத்துச் செய்யும் யோகமும், அடுத்து நின்று செய்யும் யோகமும் சேரும். ஆசனங்கள் எளியவை, வளைவுத்திறன் யாருக்கும் தேவையில்லை. வலிக்கும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தி அங்கே மூச்சைக் கவனிப்பதுதான் பாடம். ஏற்கெனவே யோகம் பயின்றவர்கள் இங்கே சறுக்குவதுண்டு. ஆசனத்தைச் சரியாகச் செய்துவிடும் கவனம், உடலில் நடப்பதைப் பார்க்கும் கவனத்தைத் தின்றுவிடும். மூச்சிலும் இதே கதை. பிராணாயாமம் பழகியவர்கள் மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் தங்களை அறியாமல் இழுத்து நீட்டத் தொடங்குவார்கள். எம்பிஎஸ்ஆரில் மூச்சை ஆளக்கூடாது. குறுகிய மூச்சானால் குறுகியதாகவே விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் வாரம் இனிய நிகழ்வுகளுக்கும் மூன்றாம் வாரம் இனிமையற்ற நிகழ்வுகளுக்கும் ஒரு நாட்குறிப்பு தருவார்கள். நாளுக்கு ஒரு நிகழ்வு: என்ன நடந்தது, அது நடக்கும்போதே தெரிந்ததா, உடலில் எங்கே என்ன உணர்ந்தது, மனநிலை என்ன, என்ன எண்ணம் ஓடியது, இப்போது எழுதும்போது என்ன தோன்றுகிறது. தியானத்தைவிட இது சிலருக்கு அதிகம் உதவுகிறது என்றே சொல்லலாம். ‘நாள் முழுக்க டென்ஷன்’ என்று வகுப்புக்கு வருபவர், காலை பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்ததும் தாடை இறுகுவதிலிருந்துதான் அது தொடங்குகிறது என்று எழுத ஆரம்பிப்பார். இதை இரவில் மொத்தமாக எழுதினால் பயன் குறைவு. உடல் உணர்வு ஞாபகத்தில் நிற்காது. எண்ணம் மட்டும்தான் நிற்கும். உடல் உணர்வுக்கான கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும் ஏடுகளைப் பார்த்தாலே இரவில் நிரப்பியது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் வாரம் மன அழுத்தத்தின் உடலியல். ஐந்தாம் வாரம் உட்காரும் தியானம் விரிகிறது: மூச்சு, முழு உடல், ஒலிகள், எண்ணங்கள், கடைசியில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்ததை வந்தபடி அறிவது. ஆறில் பேச்சும் உறவும். ஏழில் ஒலிப்பதிவு இல்லாமல் செய்து பார்ப்பது. எட்டில் மீள்பார்வை. ஆறாம் வாரம் பல இடங்களில் சப்பென்று போவதுண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் ஆசிரியர் தேர்ந்தவராக இல்லாவிட்டால் நாடகம்போல் ஆகிவிடும்.

மௌன நாள் வேறு தரம். பேச்சு, புத்தகம், கைபேசி கிடையாது. அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதும் தவிர்க்கப்படும். உட்காருதல், நடைத் தியானம், யோகம், பாடி ஸ்கேன் என்று மாறி மாறி வரும், சாப்பாடும் மௌனத்தில்தான். நடைத் தியானத்துக்கு நான்கைந்து மீட்டர் இடம் போதும்; அந்த முனைக்கும் இந்த முனைக்கும் மெதுவாக நடந்து, திரும்புமுன் நின்று, பாதம் தரையைத் தொடுவதை மட்டும் கவனிப்பது. முற்பகலில் சலிப்பு வரும். பெரும்பாலானோர் சலிப்பைத் தாண்டி மறுபக்கம் போவது மதியத்துக்கு மேல்தான். அதனால் அரை நாளாகச் சுருக்கப்பட்ட மௌன நாளுக்கு அதே விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியரால் வரும் வித்தியாசம்

ஒலிப்பதிவு எவ்வளவோ இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் கட்டணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விடை, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நடக்கும் உரையாடலில் இருக்கிறது. ஒருவர் ‘எனக்கு மனம் அடங்கவே இல்லை’ என்பார். தேர்ந்த ஆசிரியர் அதற்கு ஆறுதலோ அறிவுரையோ சொல்ல மாட்டார். அடங்கவில்லை என்று எப்போது தெரிந்தது, அது தெரிந்த கணத்தில் உடலில் என்ன இருந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். நான்கு கேள்விக்குள் அந்த நபருக்கே புரிந்துவிடும்: மனம் அலைந்ததைக் கண்டுகொண்ட கணம்தான் பயிற்சி, அலையாமல் இருப்பதல்ல.

தேறாத ஆசிரியரை அடையாளம் காண்பதும் எளிது. அவர் வகுப்பில் பாதி நேரம் தத்துவம் பேசுவார். அழுதவரைத் தட்டிக்கொடுத்து வேகமாக அடுத்தவரிடம் போவார். ‘நல்ல அனுபவம்’ சொன்னவரை எல்லோர் முன்னும் பாராட்டுவார். அடுத்த வாரம் எல்லோருக்கும் நல்ல அனுபவம் வந்துவிடும்!

வீட்டுப்பாடத்தில் எங்கே கோளாறு

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சேர்ந்தவர்கள் சராசரியாக வீட்டுப்பாடத்தில் சுமார் 64 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய நாளுக்கு 30 நிமிடம் செய்கிறார்கள் என்று கண்டது. அதிகம் செய்தவர்களுக்குப் பலனும் அதிகம். ஆனால் அந்தத் தொடர்பு சிறியது, முழுத் தொடர்பு 1 என்றால் 0.26 என்ற அளவில்தான். ஆகவே ஒரு நாள் இருபது நிமிடம்தான் முடிந்தது என்றால் அன்றைய பயிற்சி பாழ் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் மட்டும் கவலைப்படலாம், ஏனென்றால் விட்டவர்கள் வெட்கப்பட்டு வகுப்புக்கும் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

பாடி ஸ்கேனில் தூங்கிப்போவது எல்லோருக்கும் வரும் முதல் சிக்கல். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் செய்வது, படுக்கையிலேயே படுத்துச் செய்வது, இரவில் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் காரணம். தரையில் பாய் விரித்து, கண்ணைப் பாதி திறந்து செய்யலாம். முழங்கை தரையில் பதிய, முன்கையை மட்டும் நேராக நிமிர்த்தி வைத்தால் தூக்கம் வரும்போது கை சாய்ந்து எழுப்பிவிடும். அதற்கும் மசியாவிட்டால் உட்கார்ந்தே செய்யலாம். தொடர்ந்து தினமும் தூங்கிப்போகிறார் என்றால் தியானத்தில் பிழை இல்லை, அவருக்குத் தூக்கம் போதவில்லை.

உட்காரும் தியானத்தில் கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் கீழ்முதுகு வளைந்து, பத்து நிமிடத்தில் வலி பிடிக்கும். 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள கெட்டியான திண்டின் முன் பாதியில் உட்கார்ந்தால் இடுப்பு முன்சாய்ந்து முழங்கால்கள் தரையைத் தொடும். தொடவில்லை என்றால் மடித்த துணியை முழங்காலுக்கு அடியில் கொடுக்க வேண்டும். பஞ்சு அமுங்கும் தலையணை உதவாது. நாற்காலியில் உட்காருவது எந்த வகையிலும் குறைவல்ல. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முதுகு சாய்மானத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்மாசனத்தில் வலியைப் பொறுத்து உட்காருவதை வீரமாக நினைப்பவர்கள் முழங்கால் மூட்டைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு. பீதித் தாக்குதல் வந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சுமுட்டிய பழைய அனுபவம் உள்ளவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். இவர்களை ‘பொறுத்துக்கொண்டு தொடருங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் தவறு செய்கிறார். கவனத்தை உள்ளங்காலுக்கோ, தொடைமேல் கிடக்கும் கைகளுக்கோ, அறையின் ஒலிகளுக்கோ மாற்றிக்கொள்ளலாம். கண்ணைத் திறந்து வைக்கலாம். எழுந்து நடக்கலாம். மூச்சு கட்டாயமான பொருள் அல்ல.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது

2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த தொகுப்பாய்வுதான் இத்துறையில் உரைகல். 47 சோதனைகள், 3,515 பேர். மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிகளால் பதட்டம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு நடுத்தரமான சான்று இருக்கிறது என்றது. விளைவின் அளவு எட்டாவது வாரத்தில் பதட்டத்துக்கு 0.38, மனச்சோர்வுக்கு 0.30, வலிக்கு 0.33, அதாவது சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்றச் சிகிச்சைகளைவிடத் தியானம் மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. விளம்பரத் தாள்கள் முதல் பாதியை மட்டும் அச்சிடுகின்றன.

அதற்குப் பிறகு வந்த இரண்டு சோதனைகள் நேரடியாக எம்பிஎஸ்ஆரைப் பற்றியவை என்பதால் வாங்குபவருக்கு இன்னும் பயன்படும். 2016இல் ஜாமா மருத்துவ இதழில்: நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 342 பேர். 26 வாரம் கழித்து, அன்றாட இயக்கத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் எம்பிஎஸ்ஆரில் 60.5 விழுக்காடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 57.7, வழக்கமான கவனிப்பில் 44.1. 2022 இறுதியில் ஜாமா சைக்கியாட்ரியில்: பதட்டக் கோளாறு உள்ள 276 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் எம்பிஎஸ்ஆர், மறுபாதிக்குப் பதட்டத்துக்குத் தரப்படும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவின. பக்கவிளைவு ஏதேனும் வந்ததாகச் சொன்னவர்கள் மாத்திரைப் பக்கம் 78.6 விழுக்காடு, பயிற்சிப் பக்கம் 15.4. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனை சிகிச்சை தொடங்குபவர்களை ஒப்பிட்டது. ஏற்கெனவே சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அல்ல. நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான்.

வலி எப்படிக் குறைகிறது என்பதில் சுவையான ஒரு கண்டுபிடிப்பு உண்டு. உடலே சுரக்கும் வலியடக்கிகளான ஓபியாய்டுகளைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்தை ஏற்றிய பிறகும், தியானம் செய்தவர்களுக்கு வெப்பத்தால் வந்த வலி குறைந்தது என்று 2016இல் வெளியான சோதனை காட்டியது. அதாவது இந்த வலிக்குறைப்பு ஓபியாய்டு வழியைச் சார்ந்து நடப்பதல்ல.

மூளை விஷயத்துக்கு வருவோம். 2011இல், எம்பிஎஸ்ஆர் முடித்த 16 பேரின் மூளைப் படங்களில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் சாம்பல்நிறப் பொருளின் அடர்த்தி கூடியதாக ஓர் ஆய்வு வந்தது. ‘எட்டு வாரத்தில் மூளை வளர்கிறது’ என்ற தலைப்புகளின் மூலம் இதுதான். 2022இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, ஒப்பீட்டுக் குழுக்களோடு, அதையே மறுபடி தேடிப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் மூளையின் கட்டமைப்பு மாறியதாக எதுவும் கிடைக்கவில்லை. இன்றும் பழைய படத்தை மட்டும் இணையப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கும் பயிற்சி நிலையத்தின் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. கட்டமைப்பு வேறு, செயல்பாடு வேறு. மனம் தன்போக்கில் அலையும்போது சுறுசுறுப்பாகும் வலைப்பின்னல் பகுதிகள், நெடுநாள் தியானிகளிடம் தியானத்தின்போது அடங்கியிருப்பதை 2011இல் வேறொரு ஆய்வு கண்டது. அவர்கள் பல ஆண்டு பயின்றவர்கள். எட்டு வாரக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் கற்பிப்பது பலன் தருமா என்று பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பெரிய சோதனை நடந்து, 2022இல் முடிவு வெளியானது: வழக்கமான பாடத்தைவிட மேலான பலன் இல்லை. சிக்கல் இருப்பவர் தானாக விரும்பிச் செய்வதும், எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதும் ஒன்றல்ல. அலுவலகம் கட்டாயப்படுத்தி அனுப்பும் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு.

ஆன்மிகத்தை எடுத்துவிட்டதால் இழப்பு உண்டா

உண்டு, இதைப் பயிற்சி நடத்துபவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2005இல் ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, இரண்டு வாரம் தினமும் 20 நிமிடம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு ஆன்மிகப் பொருளுள்ள சொற்றொடரை நினைத்துத் தியானித்தது, இன்னொன்று மதச்சார்பற்ற சொற்றொடரை, மூன்றாவது வெறும் தளர்வுப் பயிற்சி. பிறகு கையைக் குளிர்நீரில் வைக்கச் சொன்னபோது, ஆன்மிகக் குழு மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கியது. பதட்டமும் அவர்களுக்கே அதிகம் குறைந்தது. சிறிய ஆய்வு, அதுவும் மாணவர்களிடம். ஆனால் நம்பிக்கை உள்ளவருக்கு நம்பிக்கையோடு சேர்ந்த தியானம் கூடுதலாக உதவக்கூடும் என்பதற்கு நல்ல குறிப்பு.

இன்னொன்று இத்தாலியில் நடந்தது, 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஜெபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொன்னாலும், யோக மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்துக்கு இறங்கியது. அந்த வேகத்தில், மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கூடுவதும் விடும்போது குறைவதும் இரத்த அழுத்தத்தின் இயல்பான பத்து நொடி ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. சமயங்கள் தனித்தனியே வந்து சேர்ந்த இந்த வேகம் எம்பிஎஸ்ஆரில் திட்டமிட்டு வருவதில்லை, மூச்சை மாற்றவே சொல்லாததால். ஜபம் செய்யும் பழக்கம் ஏற்கெனவே இருப்பவர் அதை நிறுத்திவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை. காலையில் ஜபம், மாலையில் பாடி ஸ்கேன் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே அமர்வில் கலந்தால் மட்டும் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது.

ஒழுக்கமும் இப்படி விடுபட்டதுதான். பௌத்த மரபில் தியானத்துக்கு முன்னே சீலம் வரும்: கொல்லாமை, திருடாமை, பொய்யாமை. எம்பிஎஸ்ஆரில் அது பாடமாக இல்லை. ஆசிரியர் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிந்தால் உண்டு.

யார் இப்போது சேரக்கூடாது

நல்ல நிலையத்தில் சேருமுன் தனியாக ஒரு பேட்டி இருக்கும். மனப்பிளவு போன்ற நோய் தீவிரமாக இருப்பவர், தற்கொலை எண்ணம் இருப்பவர், மதுவிலிருந்தோ போதையிலிருந்தோ இன்னும் மீளாதவர், பெரிய இழப்போ வன்முறையோ நேர்ந்து சில வாரங்களே ஆனவர் ஆகியோரைக் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது மனநல மருத்துவரின் துணையோடுதான் எடுப்பார்கள். பேட்டியே இல்லாமல் பணத்தை வாங்கிச் சேர்க்கும் இடம் வேண்டாம். தியானத்தால் கெட்ட விளைவே வராது என்பது பொய். 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு, தியானம் செய்பவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குப் பதட்டம், மனச்சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. தூக்கமே வராமல் போவது, தன் உடல் தன்னுடையது அல்ல என்று தோன்றுவது, அடக்கி வைத்த பழைய காட்சி திரும்பத் திரும்ப வருவது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு பலமுறை வந்து போனவர்களுக்கு எம்பிஎஸ்ஆரைவிட, அதிலிருந்து பிறந்த, அறிவாற்றல் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்ட எம்பிசிடி பயிற்சி பொருத்தம். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 424 பேரின் சோதனையில், எம்பிசிடி எடுத்து மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் குறைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம்.

மாற்று வழிகளோடு ஒப்பிட்டால்

கைபேசிச் செயலிகள் மலிவு. பழக்கத்தைத் தொடங்கிவைக்க நல்லவை. தப்பாகச் செய்தால் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை; பத்து நிமிடத் துண்டுகளில் சலிப்பு வந்து போகும் அளவுக்கு நேரமும் இருப்பதில்லை. விபஸ்ஸனா ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் முகாமுக்குக் கட்டணம் கிடையாது, முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் நாளுக்குப் பத்து மணி நேர அளவில் மௌனத்தில் உட்கார வேண்டும். ஆழம் அதிகம். முதல் முறை தியானிக்கும் பதட்டக்காரருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். எட்டு வாரம் முடித்துவிட்டுப் போனால் பயன்படும். இரத்த அழுத்தம்தான் கவலை என்றால், தினம் இருமுறை 20 நிமிடம் மந்திரம் ஜபிக்கும் ஆழ்நிலைத் தியானத்தைக் கருதலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் சொன்னது, அதுவும் மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் துணையாக. எம்பிஎஸ்ஆருக்கு அந்தப் பரிந்துரை அப்போது கிடைக்கவில்லை.

முழு எட்டு வாரப் பாடத்தையும் இலவசமாக இணையத்தில் தரும் தளங்களும் உண்டு. தானே ஒழுங்காகச் செய்யும் இயல்புள்ளவருக்கு அது போதும். குழு வேண்டும், யாராவது கேட்டால்தான் செய்வேன் என்பவருக்குக் கட்டண வகுப்பு. இணைய வகுப்பானால் கேமராவை முகத்துக்கு நேராக வைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி, படுத்தாலும் உட்கார்ந்தாலும் முழு உடலும் தெரியும்படி வைக்க வேண்டும். ஆசிரியர் அதைப் பார்த்துத்தான் யார் தவிக்கிறார், யார் தூங்கிவிட்டார் என்று அறிவார்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: ஆசிரியர் எங்கே முறையாகப் பயிற்சி பெற்றார், அவரே ஆண்டுக்கு எத்தனை நாள் மௌன முகாமில் இருக்கிறார், குழுவில் எத்தனை பேர், மௌன நாள் கட்டணத்தில் அடங்குமா, ஒரு வகுப்பு தவறினால் ஈடுசெய்ய வழி உண்டா, இடையில் நின்றால் பணம் திரும்புமா. 30 பேருக்கு மேல் போனால் எல்லோருக்கும் பேச வாய்ப்பு வராது. நான்கு வாரம், வார இறுதி இரண்டு நாள் என்று சுருக்கி அதே பெயரில் விற்பதும் நடக்கிறது. மேலே சொன்ன ஆய்வு எண்கள் அவற்றுக்குப் பொருந்தாது. ஒலிப்பதிவுகளைப் பயிற்சி முடிந்த பின்னும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். ஒன்பதாவது வாரம் வகுப்பு இல்லாதபோதுதான் பலரும் பயிற்சியை விடுகிறார்கள். அந்த வாரத்துக்குக் கையில் 45 நிமிடப் பதிவோடு 20 நிமிடப் பதிவு ஒன்றும், அதே குழுவில் வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார இரண்டு மூன்று பேரும் இருந்தால் விட்டுப்போவது குறையும்.